ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவருக்குப் பல் எடுப்பது: புதிய பல் மருத்துவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பல் எடுத்த குழியில் வடியும் ரத்தம் கண்ணுக்குத் தெரியும். அழுத்தினால் நிற்கும், தையல் போட்டால் அடங்கும். மாத்திரையை நிறுத்தியதால் இதயத்தில் பொருத்திய செயற்கை வால்விலோ ஸ்டென்ட்டிலோ உருவாகும் ரத்தக்கட்டி அப்படிப்பட்டதல்ல. அது பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ வரும்போது பல் மருத்துவர் செய்ய எதுவும் இருக்காது. அதனால் இந்த நோயாளிகளைப் பொறுத்தவரை அடிப்படை ஒன்றுதான்: மாத்திரையை நிறுத்தாமல், குழியிலேயே ரத்தத்தை நிறுத்தத் தயாராக இருந்துகொண்டு பல்லை எடுக்க வேண்டும். பயிற்சி மருத்துவராக இருப்பவர்களும் புதிதாகக் கிளினிக் தொடங்கியவர்களும் இதை எந்த வரிசையில் செய்வது, எங்கெல்லாம் தவறு நடக்கும் என்பதைப் பார்ப்போம்.

மாத்திரை அட்டையைக் கையில் வாங்குங்கள்

"ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் "பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை" என்பதோடு பலரும் நிறுத்திக்கொள்வார்கள். "இதயத்துக்கு ஆபரேஷன் செஞ்சிருக்கா? ஸ்டென்ட் வச்சிருக்கா? கால் நரம்புல ரத்தம் கட்டியிருக்கா? மாசாமாசம் ரத்தம் எடுத்துப் பாத்து மாத்திரை அளவை மாத்துறாங்களா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். கடைசிக் கேள்விக்கு ஆமாம் என்றால் அநேகமாக வார்ஃபரின் அல்லது அசிட்ரோம்தான். எப்படியிருந்தாலும் அட்டையையும் மருத்துவமனை நோட்டையும் எடுத்து வரச் சொல்லி, பெயரையும் மில்லிகிராமையும் நீங்களே படியுங்கள். அசிட்ரோம் 1, 2, 3, 4 மி.கி. என்று பல அளவுகளில் வருகிறது. ஒரு நாள் 2, மறுநாள் 3 என்று மாற்றிச் சாப்பிடுபவர்களும் உண்டு.

மருந்துகள் மூன்று கூட்டமாகப் பிரியும். முதலாவது, வைட்டமின் கே வேலையைத் தடுப்பவை. நம் ஊரில் வார்ஃபரினைவிட அசிட்ரோம் என்ற பெயரில் விற்கும் அசினோகூமரால்தான் அதிகம் கண்ணில் படும். ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்டு, உலோக வால்வு பொருத்தியவர்கள் இதை ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம் உருவாக்கி 1990 முதல் பொருத்தப்பட்டுவரும் சித்ரா வால்வைத் தாங்கியவர்களும் இதில் அடக்கம். இரண்டாவது கூட்டம் டாபிகாட்ரான், ரிவராக்சபான், அபிக்சபான் போன்ற புது மருந்துகள். மூன்றாவது, தட்டணுக்கள் ஒட்டாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், டிகாக்ரெலார். இகோஸ்பிரின் கோல்டு போன்ற கூட்டு மாத்திரைகளில் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் கொழுப்பு மாத்திரையும் ஒரே கேப்சூலுக்குள் இருக்கும். நோயாளி அதைக் "கொழுப்பு மாத்திரை" என்றே சொல்லிவிட்டுப் போகலாம்.

இன்னொரு கேள்வியையும் விடக் கூடாது: "பல் எடுக்கணும்னு நீங்களா மாத்திரையை நிறுத்திட்டீங்களா?" பழைய அறிவுரையை நினைவில் வைத்துக்கொண்டு நான்கைந்து நாளாக மாத்திரை தொடாமல் வருபவர்கள் இருக்கிறார்கள். அப்படி வந்தால் "நல்லதாப் போச்சு" என்று பல்லைப் பிடுங்கிவிடாதீர்கள். உடனே அவருடைய இதய மருத்துவரிடம் பேசி, மாத்திரையைத் திரும்பத் தொடங்க வைப்பதுதான் முதல் வேலை. வார்ஃபரினின் வேகம் முழுக்க இறங்க 5 நாள் பிடிக்கும். அசிட்ரோம் 2, 3 நாளிலேயே இறங்கிவிடும். வார்ஃபரினுக்குச் சொன்ன 5 நாள் கணக்கை அசிட்ரோம் சாப்பிடுபவர் பின்பற்றினால், பாதுகாப்பே இல்லாமல் இரண்டு மூன்று நாள் கூடுதலாகக் கழிகிறது. திரும்பத் தொடங்கிய பிறகும் பழைய நிலைக்கு வரப் பல நாள் ஆகும்.

எந்தச் சோதனை, எப்போது

வார்ஃபரின், அசிட்ரோம் என்றால் ஐஎன்ஆர், அதாவது ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண். பல் எடுப்பதற்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள் பார்த்ததாக இருக்க வேண்டும். மாதக்கணக்கில் ஒரே அளவில் நிலையாக இருப்பவருக்கு 72 மணி நேரம் வரை ஏற்கலாம். போன மாத ரிப்போர்ட் எதற்கும் உதவாது. உலோக வால்வு உள்ளவர்களுக்கு 2.5 முதல் 3.5 வரையும், இதயத் துடிப்பு ஒழுங்கற்றவர்களுக்கு 2 முதல் 3 வரையும் வைத்திருப்பது வழக்கம். ஸ்காட்லாந்து பல் மருத்துவ வழிகாட்டி 4க்குக் கீழ் இருந்தால் மாத்திரையை நிறுத்தாமல் பல் எடுக்கலாம் என்கிறது. தனியாகக் கிளினிக் நடத்தும் புதியவர் 3.5ஐத் தன் எல்லையாக வைத்துக்கொள்வது நல்லது. அதற்கு மேல் இருந்தால் மருத்துவமனை. 4ஐத் தாண்டினால் பல்லைத் தள்ளிவைத்துவிட்டு, அளவைச் சரிசெய்ய அன்றே அவருடைய மருத்துவருக்குத் தகவல் கொடுங்கள்.

லேப் தவறும் நடக்கும். ஐஎன்ஆருக்கு எடுக்கும் இளநீல மூடிக் குழாயில் சிட்ரேட் திரவம் ஏற்கெனவே அளந்து ஊற்றப்பட்டிருக்கும். அடையாளக் கோடு வரை ரத்தம் நிரம்பாவிட்டால் விகிதம் கெட்டு, உண்மையைவிட அதிகமான எண் வரும். நோயாளியின் வழக்கமான எண்ணுக்குச் சம்பந்தமே இல்லாமல் 5, 6 என்று வந்தால் திரும்ப ஒருமுறை எடுக்கச் சொல்லுங்கள்.

பழக்கதோஷத்தில் எழுதும் பிடி, சிடி (ரத்தம் கசியும் நேரம், உறையும் நேரம்) சோதனையை இவர்கள் விஷயத்தில் நம்பக் கூடாது. ஐஎன்ஆர் 5 இருப்பவருக்கும் அது சாதாரணமாக வரலாம். அதைப் பார்த்துத் தைரியமாகப் பல்லில் கை வைப்பது ஆபத்து. புது மருந்துகளின் வேகத்தை ஐஎன்ஆரும் காட்டாது. அங்கே கேட்க வேண்டியது கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு என்பதும், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்பதும்தான். டாபிகாட்ரான் பெரும்பாலும் சிறுநீரில்தான் வெளியேறுகிறது. சிறுநீரகம் தளர்ந்து கிரியாட்டினின் ஏறியவருக்கு மருந்து உடம்பில் தங்கிவிடும். குடிப்பழக்கம், கல்லீரல் நோய், அண்மையில் டெங்கு இருந்ததா என்றும் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் தட்டணு எண்ணிக்கையும் பாருங்கள். 50,000க்குக் கீழ் என்றால் கிளினிக்கில் செய்யும் வேலை இல்லை.

இதய மருத்துவரிடம் எப்படிக் கேட்பது

"பல் எடுக்க வேண்டும், மாத்திரையை நிறுத்தலாமா, ஃபிட்னஸ் கொடுங்கள்" என்று சீட்டு எழுதி அனுப்பினால், "5 நாள் நிறுத்தவும்" என்று பதில் வர நிறைய வாய்ப்பு உண்டு. அவருக்குப் பல் எடுப்பது எவ்வளவு பெரிய காயம் என்று தெரியாது. நாம் நிறுத்த விரும்புகிறோம் என்று நினைத்துக்கொள்வார். கேள்வியை மாற்றி எழுதுங்கள்: "கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றை எடுக்க இருக்கிறேன். ஈறைக் கிழிக்கத் தேவையில்லை. இன்றைய ஐஎன்ஆர் 2.7. மாத்திரையை நிறுத்தாமல் தையலும் டிரானெக்சாமிக் அமிலமும் வைத்துச் செய்ய உத்தேசம். இதில் உங்களுக்கு மறுப்பு உண்டா?" (டிரானெக்சாமிக் அமிலம் என்பது உருவான ரத்தக்கட்டி கரையாமல் காக்கும் மருந்து.) இப்படிக் கேட்டால் பதில் தெளிவாக வரும். பல்லுக்காக, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரின் ஊசிக்கு மாற்றுவதும் வேண்டாம்; அது ரத்தப்போக்கைத்தான் கூட்டும்.

ஸ்டென்ட் வைத்து ஆறு மாதம் ஆகாதவர், வால்வு அறுவை நடந்து அல்லது காலில் ரத்தக்கட்டி வந்து மூன்று மாதம் ஆகாதவர் என்றால், அவசரமில்லாத பல்லைத் தள்ளிப்போடுங்கள். சீழும் வலியும் இருந்தால் மட்டும் இதய மருத்துவரோடு பேசிவிட்டு, முடிந்தால் மருத்துவமனையிலேயே செய்யுங்கள். அசிட்ரோமோடு ஆஸ்பிரினும் சேர்த்துச் சாப்பிடுபவர்களிடம் ஐஎன்ஆர் நன்றாக இருந்தாலும் கூடுதல் கவனம் வேண்டும்.

ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் சாப்பிடுபவர்களுக்கு எந்த மாற்றமும் வேண்டாம்; இரண்டும் சேர்ந்திருந்தாலும் நிறுத்தக் கூடாது. இவை தட்டணுவை நிரந்தரமாக முடக்கிவிடுகின்றன. புதுத் தட்டணுக்கள் வர ஏழு முதல் பத்து நாள் ஆகும் என்பதால், ஒருநாள் நிறுத்துவதில் பயனும் இல்லை. புது மருந்துகளில், ஒன்று முதல் மூன்று பல்லை எளிதாக எடுப்பதென்றால் அப்படியே தொடரலாம். அதைவிடப் பெரிய வேலை என்றால், தினம் இருமுறை சாப்பிடும் அபிக்சபான், டாபிகாட்ரானில் காலை வேளையை மட்டும் விட்டுவிட்டு, ரத்தம் நின்று 4 மணி நேரமாவது ஆன பிறகு மாலை வேளையை வழக்கமான நேரத்துக்குச் சாப்பிடலாம். காலையில் ஒருமுறை சாப்பிடும் ரிவராக்சபானை, ரத்தம் நின்று 4 மணி நேரம் கழித்துச் சாப்பிடச் சொல்லலாம். இந்தச் சிறு மாற்றத்தைக்கூட மருந்து எழுதியவருக்குத் தெரிவித்துவிட்டே செய்யுங்கள்.

நாள் குறிப்பதும் மேசை அடுக்குவதும்

திங்கள் அல்லது செவ்வாய், காலை வேளை. மரப்பு மருந்தில் இருக்கும் அட்ரினலின் சுருக்கிவைத்த ரத்தக் குழாய்கள் சில மணி நேரத்தில் திரும்ப விரியும். வீட்டுக்குப் போன பிறகு வரும் கசிவு பெரும்பாலும் அப்போதுதான். காலையில் எடுத்தால் அது பகலிலேயே தெரிந்துவிடும். சனிக்கிழமை மாலை எடுத்தால் ஞாயிறு விடியற்காலையில் நோயாளி வாய் நிறைய ரத்தத்தோடு யாரைத் தேடிப் போவார்?

பல்லைத் தொடும் முன்பே மேசையில் இருக்க வேண்டியவை: குழியில் வைத்து ரத்தத்தை நிறுத்தும் ஜெலட்டின் பஞ்சு அல்லது ஆக்சிடைஸ்டு செல்லுலோஸ், 3-0 கரையும் தையல் நூல், எலும்பு மெழுகு, மடித்த காஸ், டிரானெக்சாமிக் அமிலம் 500 மி.கி. ஆம்பூல் இரண்டு மூன்று. ரத்த அழுத்தம் 180/110க்கு மேல் இருந்தால் அன்று வேண்டாம். அந்த அழுத்தத்தில் எவ்வளவு தைத்தாலும் கசியும்.

செயற்கை வால்வு உள்ளவருக்கு, இதய உள்சுவரில் வரும் கிருமித் தொற்றான எண்டோகார்டைட்டிஸுக்குத் தடுப்பாக அமாக்ஸிசிலின் 2 கிராம், பல் எடுப்பதற்கு 30 முதல் 60 நிமிடத்துக்கு முன் ஒரே வேளையாக. பென்சிலின் ஒவ்வாதவருக்கு அசித்ரோமைசின் 500 மி.கி. ஸ்டென்ட் மட்டும் உள்ளவருக்கு இது தேவையில்லை.

மரப்பு ஊசி

கீழ்த்தாடைக்கு வழக்கமாகப் போடும் நரம்புத் தடுப்பு ஊசிதான் இங்கே சிக்கலான இடம். ஊசி முனை ரத்தக் குழாயைக் கீறினால், தாடைக்கு உட்புறம் ஆழத்தில் ரத்தம் தேங்கித் தொண்டைப் பக்கம் பரவலாம். அங்கே விரலை வைத்து அழுத்த வழியில்லை. ஆகவே முடிந்தவரை பல்லைச் சுற்றி ஈறில் போடுவதையும், பல்லுக்கும் எலும்புக்கும் இடையில் போடுவதையும் தேர்ந்தெடுங்கள். 4% ஆர்டிகெய்ன் மரப்பு மருந்து கிடைத்தால் கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கும் ஈறு ஊசியே பல நேரம் போதுமானது. வேறு வழியில்லாமல் நரம்புத் தடுப்பு ஊசி போட்டால், உறிஞ்சிப் பார்த்து, ரத்தம் வரவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, மெதுவாகச் செலுத்துங்கள். ஒரே குத்தில் முடிய வேண்டும்.

இதய நோயாளி என்பதற்காக அட்ரினலின் இல்லாத மருந்தைத் தேட வேண்டியதில்லை. 1:80,000 கலவையில் மில்லிலிட்டருக்கு 12.5 மைக்ரோகிராம் அட்ரினலின் இருக்கிறது. இதய நோயாளிக்குச் சொல்லப்படும் 40 மைக்ரோகிராம் வரம்புக்குள் 3 மி.லி. வரை போடலாம். அட்ரினலின் இல்லாவிட்டால் வலியும் ரத்தமும் இரண்டும் கூடும்.

பல் எடுப்பதும் குழியை மூடுவதும்

முதல்முறை ஒரு பல் மட்டும். மூன்று பல் எடுக்க வேண்டியவர் என்றாலும் ஒன்றை எடுத்து, அது எப்படி ஆறுகிறது என்று ஒரு வாரம் பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். வால்வு நோயாளி என்றால் அடுத்த முறைக்கு 10 நாள் இடைவெளி விடுவது நல்லது. ஆன்டிபயாட்டிக் தடுப்பை அத்தனை அடுத்தடுத்துக் கொடுக்கக் கூடாது. ஈறைக் கிழிக்காதீர்கள். வேர்கள் விரிந்த கடைவாய்ப் பல்லைப் பலம் கொடுத்து முறுக்குவதைவிட, நடுவில் அறுத்து வேர் வேராக எடுத்தால் எலும்பு உடையாது.

பல் வந்ததும் குழிக்குள் இருக்கும் சிவந்த சதைத் திசுவை முழுக்கச் சுரண்டி எடுங்கள். ரத்தப்போக்கு நிற்காமல் இழுத்தடிப்பதற்கு மாத்திரையைவிட இந்த மிச்சத் திசுதான் அடிக்கடி காரணம். அழற்சி பிடித்த அந்தத் திசுவில் ரத்தக் குழாய்கள் நிறைய. உப்பு நீரால் கழுவி, இருபக்க எலும்பையும் விரலால் அமுக்கிச் சேருங்கள். ஜெலட்டின் பஞ்சைச் சிறிதாக வெட்டி, குழியின் முக்கால் பங்கு வரை இறுக்காமல் வையுங்கள்.

அதன் மேல் எட்டு வடிவத் தையல். கன்னப் பக்க ஈறின் முன் மூலையில் ஊசியை நுழைத்து நாக்குப் பக்க முன் மூலையில் எடுங்கள். நூலைக் குழியின் மேல் குறுக்காகக் கொண்டுவந்து கன்னப் பக்கப் பின் மூலையில் நுழைத்து, நாக்குப் பக்கப் பின் மூலையில் எடுங்கள். திரும்பக் குறுக்காக வந்து முதல் நுனியோடு கன்னப் பக்கம் முடிச்சு. குழியின் வாயில் நூல் பெருக்கல் குறியாக நின்று பஞ்சைப் பிடித்துக்கொள்ளும். ஈறு வெளுக்கும் அளவுக்கு இறுக்காதீர்கள். வெளுத்த ஈறு இரண்டொரு நாளில் நூலில் அறுந்துவிடும். கரையும் நூல் என்றால், தையல் பிரிக்கும்போது வரும் கசிவும் மிச்சம்.

இனி காஸ். தோற்றுப்போகும் இடம் பெரும்பாலும் இதுதான். பெரிய காஸை அப்படியே வைத்தால் அது பக்கத்துப் பற்கள் மேல் உட்கார்ந்துகொள்ளும். நோயாளி எவ்வளவு கடித்தாலும் குழியில் அழுத்தம் விழாது. குழியின் அகலத்துக்கு மடித்து, டிரானெக்சாமிக் அமிலத்தில் நனைத்து, பக்கத்துப் பற்களைவிட மேலே துருத்தி நிற்கும்படி வைத்துக் கடிக்கச் சொல்லுங்கள். எதிரே பல் இல்லாத வயதானவர் கடித்தால் பயனில்லை. உங்கள் விரலால் அழுத்துங்கள், அல்லது அவருடைய பல்செட்டைப் போட்டுக் கடிக்கச் சொல்லுங்கள். வெறும் பஞ்சு வேண்டாம். அதன் நார் ரத்தக்கட்டியில் ஒட்டி, எடுக்கும்போது கட்டியையும் பிய்த்துக்கொண்டு வரும். 30 நிமிடம் கடிகாரம் பார்த்துக் கடிக்க வேண்டும். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. பிறகு இன்னொரு அரைமணி நேரம் காத்திருக்கும் அறையில் உட்காரவைத்து, குழியைப் பார்த்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும்.

மருந்துச் சீட்டு

பல்லை நன்றாக எடுத்துவிட்டு, சீட்டு எழுதும்போது நோயாளியை ஆபத்தில் தள்ளுவது சுலபம். அமாக்ஸிசிலின், மெட்ரோனிடசோல், கீட்டோரோலாக் என்று கை தானாக எழுதும் அந்த மூன்று வரிகளை இவர்களுக்கு யோசிக்காமல் எழுதக் கூடாது. மெட்ரோனிடசோல், வார்ஃபரின் கல்லீரலில் சிதைவதைத் தடுக்கிறது. சில நாட்களில் ஐஎன்ஆர் எகிறிவிடும். அசிட்ரோமும் அதே வழியில் சிதைவதுதான். கீட்டோரோலாக், டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் எல்லாமே தட்டணுவையும் வயிற்றுச் சுவரையும் ஒருசேரத் தாக்கும். மெட்ரோனிடசோல் உண்மையிலேயே தேவை என்றால், அசிட்ரோம் அளவைக் கவனிப்பவரோடு பேசிவிட்டு, மூன்றாம் நாளிலிருந்து ஐஎன்ஆர் பார்க்க ஏற்பாடு செய்துவிட்டுக் கொடுங்கள்.

வலிக்குப் பாரசிட்டமால் 650 மி.கி., ஆறு மணி நேர இடைவெளியில், இரண்டு அல்லது மூன்று நாள். அதையும் வாரக்கணக்கில் முழு அளவில் சாப்பிட்டால் ஐஎன்ஆர் ஏறும் என்பதால் நாள் கணக்கைச் சீட்டில் எழுதிவிடுங்கள். டிரமடாலும் எரித்ரோமைசின் வகையும் வேண்டாம். பல்செட்டின் அடியில் பூஞ்சை இருக்கிறது என்று மைக்கோனசோல் ஜெல் எழுதாதீர்கள். வாயில் தடவும் ஜெல்தானே என்று தோன்றும், ஆனால் அதுவே ஐஎன்ஆரை ஆபத்தான அளவுக்கு ஏற்றும். நிஸ்டாட்டின் போதும். "ஒரு ஊசி போட்டு அனுப்புங்க டாக்டர்" என்று கேட்பார்கள். இடுப்பில் தசை ஊசி போட்டால் அங்கே ரத்தம் கட்டிக்கொள்ளும். பொறுமையாகக் காரணத்தைச் சொல்லி மறுத்துவிடுங்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது

கூட வந்தவரையும் உட்காரவைத்துச் சொல்லுங்கள். நோயாளி பாதியைத்தான் கேட்டிருப்பார். முதல் 24 மணி நேரம் கொப்பளிக்கக் கூடாது, துப்பக் கூடாது. வாயில் ஊறும் எச்சிலை விழுங்கிவிட வேண்டும். பல் எடுத்த வாய்க்கு வெந்நீரில் உப்புப் போட்டு உடனே கொப்பளிப்பது நம் வீடுகளில் ஊறிய பழக்கம். அது மறுநாளிலிருந்துதான், அதுவும் மெதுவாக. சூடான காபி, டீ, ஸ்ட்ரா, வெற்றிலை பாக்கு, புகையிலை எதுவும் வேண்டாம். ஆறிய கஞ்சி, தயிர் சாதம், மறுபக்கம் மென்று சாப்பிடலாம். இரவு தலையணை இரண்டு வைத்துப் படுக்கட்டும். அன்றிரவு அசிட்ரோமை வழக்கம்போல் சாப்பிட வேண்டும் என்று அழுத்திச் சொல்லுங்கள். ரத்தத்தைப் பார்த்துப் பயந்து விட்டுவிடுவார்கள்.

டிரானெக்சாமிக் அமிலம் நம் ஊர்க் கடைகளில் வாய் கொப்பளிப்பு மருந்தாக எளிதில் கிடைப்பதில்லை. 500 மி.கி. ஆம்பூலின் 5 மி.லி.யோடு 5 மி.லி. சுத்தமான நீர் சேர்த்தால் 10 மி.லி. 5% கரைசல் கிடைக்கும். மறுநாளிலிருந்து அதை வாயில் 2 நிமிடம் அசைக்காமல் வைத்திருந்து, துப்பாமல் வாஷ்பேசினில் வழியவிட வேண்டும். தினம் நான்கு முறை, இரண்டு நாள்.

ரத்தம் திரும்ப வந்தால்

எச்சில் இளஞ்சிவப்பாக இருப்பது ரத்தப்போக்கு ஆகாது. வாய் நிறைவதும், ஈரல் துண்டுபோலக் கருஞ்சிவப்புக் கட்டி குழிக்கு வெளியே தொங்குவதும்தான் கவலைக்குரியவை. வீட்டில் சுத்தமான துணியை மடித்துக் குழியின் மேல் வைத்து அரைமணி நேரம் கடித்தும் நிற்கவில்லை என்றால் வரச் சொல்லுங்கள்.

வந்தவருக்குப் பழைய கட்டியின் மேலேயே காஸை வைத்து அழுத்துவது வீண்வேலை. அந்தக் கட்டி தளர்ந்தது. அதன் அடியில் ரத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். உறிஞ்சி முழுக்க எடுத்துவிட்டு, அட்ரினலின் கலந்த மரப்பு போட்டு, ரத்தம் எங்கிருந்து வருகிறது என்று வெளிச்சம் பிடித்துப் பாருங்கள். ஈறு ஓரம் என்றால் இன்னொரு தையல். எலும்புச் சுவரில் ஒரு புள்ளியிலிருந்து வந்தால், அங்கே எலும்பைக் கருவியால் நசுக்கி அடையுங்கள், அல்லது துளியூண்டு எலும்பு மெழுகு. பிறகு புதுப் பஞ்சு, புதுத் தையல், நனைத்த காஸ், 30 நிமிடம். அன்றே ஐஎன்ஆரும் பாருங்கள். இவ்வளவுக்குப் பிறகும் நிற்காவிட்டால் மருத்துவமனைக்கு அனுப்புங்கள். உலோக வால்வு உள்ளவருக்குக் கிளினிக்கில் வைட்டமின் கே ஊசி போட்டுவிடாதீர்கள். வால்வில் கட்டி அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. அந்த முடிவு இதய மருத்துவருடையது.

நாக்குக்கு அடியில் வீக்கம், குரல் மாற்றம், விழுங்க முடியாமை, மூச்சு முட்டல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் குழியைப் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. உடனே 108.

ஏழு முதல் பத்து நாளில் வரும் ரத்தப்போக்குக்குக் காரணம் பெரும்பாலும் குழியில் கிருமித் தொற்று. சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும்.

ஒரு வாரத்துக்குள் ஐஎன்ஆர்

அன்று மாலையும் மறுநாள் காலையும் தொலைபேசியில் கேளுங்கள். ஆன்டிபயாட்டிக் தொடர்ந்து கொடுத்திருந்தால் மூன்று முதல் ஐந்து நாளுக்குள் ஐஎன்ஆர் பார்க்க எழுதிக் கொடுங்கள். கொடுக்காவிட்டாலும், வாய் வலியால் பல நாள் கஞ்சியும் பாலுமாக ஓட்டுபவருக்கு ஒரு வாரத்துக்குள் பார்ப்பது நல்லது. முருங்கைக்கீரை, அரைக்கீரை என்று தினம் கீரை சாப்பிட்டுவந்தவர் திடீரென்று அதை நிறுத்தினால் வைட்டமின் கே வரத்து குறைந்து, மாத்திரை அளவு மாறாமலே ஐஎன்ஆர் ஏறும். எடுத்த பல், தேதி, அன்றைய ஐஎன்ஆர், கொடுத்த மருந்துகள், மாத்திரை நிறுத்தப்படவில்லை என்ற வரி ஆகியவற்றை நோயாளியின் மருத்துவமனை நோட்டிலேயே எழுதிக் கையெழுத்திட்டு அனுப்புங்கள். அடுத்த பல்லுக்கு அவர் யாரிடம் போனாலும் அந்தப் பக்கம் உதவும்.